இடது தோள் அரை இஞ்ச் இறக்கம்

வீட்டில் என் மேசை இழுப்பறையில், பழைய அடையாள அட்டைக்கும் தீர்ந்துபோன பேனாக்களுக்கும் அடியில், ஒரு துண்டுக் காகிதம் கிடக்கிறது. தினசரி நாள்காட்டியில் கிழித்த தாள். அதன் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிய அளவுகள்: உயரம், கழுத்து, தோள், மார்பு, கை நீளம், இடுப்பு, கால் நீளம். எல்லாவற்றுக்கும் கீழே, மற்ற எழுத்தைவிடக் கொஞ்சம் அழுத்தி, 'இடது தோள் அரை இஞ்ச் இறக்கம்' என்று ஒரு வரி. யாருடைய அளவு என்று பெயர் இல்லை. இதை எனக்குக் கொடுத்தவர் எங்கள் கம்பெனியில் துணி வெட்டும் பிரிவைப் பார்த்துவந்த கட்டிங் மாஸ்டர். கொடுத்த நாளிலிருந்து இதைத் தூர எறியவும் எனக்கு மனம் வரவில்லை, கண்ணில் படும்படி வைக்கவும் தைரியம் வரவில்லை.

கம்பெனி என்று சொன்னால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே மூடிக்கிடந்த ஒரு நூல் மில்லின் வளாகத்தில், இரண்டு ஷெட்டும் ஒரு இரும்புக் கோபுரமும்தான் கம்பெனி. விண்வெளிக்கு ஆட்களை ஏற்றிப் போகும் கலத்தில், இருக்கையோடு அவர்களைக் கட்டிவைக்கிற பெல்ட்டுகளைத் தைத்து, தாங்குமா என்று பார்த்து அனுப்புவது எங்கள் வேலை. ராக்கெட் கிளம்புகிற நேரத்தில் ஏதாவது கோளாறு என்றால், ஆட்கள் இருக்கும் கூட்டை மட்டும் பிய்த்துக்கொண்டு தூரமாகப் போய்விட ஒரு தனி ஏற்பாடு உண்டு. பிறகு பாராசூட் விரிந்து கூடு கடலில் இறங்கும். பிய்த்துக்கொண்டு போகிற அந்த வெட்டி இழுப்பிலும், இறங்குகிற அந்த அடியிலும் உள்ளே இருப்பவரை இருக்கையோடு பிடித்துவைப்பது பெல்ட் மட்டும்தான். பெரிய சோதனைகளை ராக்கெட் விடுகிற பெரிய இடத்தில் செய்துகொள்வார்கள். அதற்கு முன்னால் உயரத்திலிருந்து தூக்கிப் போட்டுப் பார்க்கிற முரட்டு வேலை எங்களுடையது. என் அம்மா தெருவில் கேட்பவர்களிடம் "ராக்கெட்டுக்கு வார் தைக்கா" என்று சொல்லிவைத்திருந்தாள். கிருஷ்ணன்கோவிலுக்குக் கல்லூரி பஸ்ஸில் நான்கு வருடம் போய்வந்து படித்த படிப்புக்கு அது போதுமான மரியாதைதான்.

நான் தைக்கவில்லை. தைத்ததைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. என் கையெழுத்து இல்லாமல் ஒரு பக்கிள்கூட ஷெட்டை விட்டு வெளியே போகாது. அந்த வயதில் அது எனக்குக் கொஞ்சம் தலைக்கனத்தையும் கொடுத்திருந்தது. கட்டிங் மாஸ்டருக்கு என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். ராஜபாளையத்துக்காரர், அங்கே ஜவுளிக்கடைத் தெருவில் சொந்தமாகத் தையல்கடை வைத்திருந்தவர். எதனால் கடையை விட்டு எங்களிடம் வந்தார் என்று நான் கேட்டதில்லை. எங்கள் இருவருக்கும் தினமும் ஒரு சண்டையாவது வரும். எனக்கு எல்லாம் தாளில் இருக்க வேண்டும். அவருக்கு எல்லாம் விரலில் தெரிய வேண்டும்.

சோதனைக்கு ஒரு ஆள் வேண்டும், உயிரில்லாத ஆள். வெளிநாட்டில் செய்கிற பொம்மைகளை வாங்கி மணலில் போட்டு உடைக்க எங்களுக்குக் கட்டுப்படியாகாது. நாங்களே தைத்துக்கொள்வது என்று முடிவானது. கித்தான் துணியில் தோல், உள்ளே மணலும் இரும்புக் குண்டுகளும், மூட்டுகளில் சுற்றிக் கட்ட பேண்டேஜ் துணி. தறி போட்டு ஊருக்கெல்லாம் பேண்டேஜ் நெய்து அனுப்புகிற எங்கள் பக்கம் அதற்குப் பஞ்சமா என்ன? தலை இவ்வளவு எடை, தொடை இவ்வளவு எடை என்று எங்களுக்கு வந்த தாளில் இருந்தது, மொத்த உயரமும் இருந்தது. உடம்பு வாகு எப்படி இருக்க வேண்டும் என்று இல்லை. அதை மாஸ்டர் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். ஒரு வாரம் யாரையும் அண்டவிடாமல் வெட்டினார். தைத்து நிரப்பி, நாற்காலியில் உட்கார்த்தி வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

நான் டேப்பை எடுத்து அளந்தேன். இடது தோள் அரை இஞ்ச் இறங்கியிருந்தது.

"ரெண்டு பக்கமும் ஒண்ணுபோல இருக்க வேண்டாமா மாஸ்டர்?"

"மனுசனை யாரு மேடம் ஸ்கேல் வச்சு வரைஞ்சா?"

அரை இஞ்ச் வரை வித்தியாசத்துக்குத் தாளிலேயே இடம் இருந்தது. கையெழுத்துப் போட்டேன். ஆனால் அந்த அரை இஞ்ச் பார்ப்பவரை ஏதோ செய்தது. கண் மூக்கு வாய் எதுவும் இல்லாத ஒரு தலை, யாரோ பக்கத்தில் மெதுவாகப் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்பதற்குச் சாய்ந்த மாதிரி இருந்தது. தையல் பிரிவில் பெண்கள் அதற்கு முதுகைக் காட்டி உட்கார மாட்டோம் என்று மெஷின்களைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். மகாராஜபுரத்திலிருந்து வருகிற அக்கா ஒருத்தி, எங்களில் நல்ல தையல்காரி, சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது அதைப் பார்த்து "வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போக ஆரம்பித்தாள். நான் கேலி செய்தேன். பேய் பிசாசுக்கெல்லாம் பயப்படுகிற ஆள் நான் இல்லை. ஒரு நாள் மத்தியானம் கையில் அட்டைப்பெட்டியோடு குறுகலான வழியில் போகும்போது, "கொஞ்சம் கால மடக்கிக்கங்க" என்று சொல்லிவிட்டுத்தான் யாரிடம் சொன்னேன் என்று பார்த்தேன். ஷெட்டில் அப்போது வேறு யாரும் இல்லை. பெட்டியை அங்கேயே வைத்துவிட்டு வெளியே வந்து வெயிலில் நின்றுகொண்டேன்.

ஒரு நாள் அதன் தலையில் யாரோ துண்டைப் போட்டு மூடியிருந்தார்கள். மாஸ்டர் வந்ததும் உருவி எறிந்தார். "முகத்தை மூடாதீங்க. மய்யித்து மாதிரி இருக்கு, பொணத்துக்குத்தான் மூடுவாங்க" என்றார். அவர் குரலை உயர்த்தி நாங்கள் கேட்டது அந்த ஒரு தடவைதான். கித்தானாகவே உட்கார்ந்திருப்பதைப் பார்க்கக் கூச்சமாக இருக்கிறது என்று பெண்கள் சொன்னார்கள். மறுநாள் அவர் ஒரு சட்டையும் பேண்ட்டும் கொண்டுவந்து போட்டுவிட்டார். கிரீம் கலர் முழுக்கைச் சட்டை, மடிப்புக் கோடுகூடக் கலையாதது. தோளில் ஒரு சுருக்கம் இல்லாமல் பொருந்தியது. பொம்மைக்கு இவ்வளவு நல்ல துணியா என்று கேட்டதற்கு, "சும்மாதான் கிடந்துச்சு" என்றார்.

சோதனை நாள் ஆடிக் காற்று அடித்துக்கொண்டிருந்த ஒரு பகல். மேற்கே மலைப்பக்கமிருந்து வந்த காற்றில் கோபுரத்துக் கம்பிகள் ஒரே சுரத்தில் ஊதிக்கொண்டிருந்தன. வெளியூரிலிருந்து அதிகாரிகள் நான்கு பேர் வந்திருந்தார்கள், மூன்று மணிக்குத் திரும்பியாக வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். பொம்மையை இருக்கையில் வைத்து, ஒவ்வொரு பெல்ட்டையும் இவ்வளவு இறுக்கம் என்று கருவி வைத்து அளந்து பூட்டி, ஈய முத்திரை குத்த எங்களுக்கு இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. கொக்கியில் மாட்டுவதற்கு முன் கடைசியாக ஒரு சுற்றுப் பார்க்கும்போது, இடது தோள் பெல்ட்டில் நாலைந்து தையல் விட்டிருப்பதைக் கண்டேன். பக்கிளுக்கு மேலே, விரல்கடை தூரம்.

கழற்றித் தைத்தால் முத்திரையை உடைக்க வேண்டும், மறுபடி இரண்டு மணி நேரம். மேனேஜர் அதிகாரிகளிடம் காபி சாப்பிடச் சொல்லிக்கொண்டே என்னைக் கண்ணால் பார்த்தார். நான் மாஸ்டரிடம், இருக்கிறபடியே கையால் நாலு தையல் போட்டுவிடச் சொன்னேன்.

"உடம்புல கிடக்கையில ஊசி போடக்கூடாது மேடம். கழட்டித் தாங்க, தைக்கேன்."

"இது பொம்மை மாஸ்டர்."

"பொம்மையாவே இருக்கட்டும். செத்த நேரம்தான், கழட்டுவோம்."

"அவங்கள்லாம் காத்துக்கிட்டு இருக்காங்க. உடுத்துன துணியில தைச்சா தரித்திரம்னு நான் போய் அவங்ககிட்ட சொல்லட்டுமா?"

அவர் முகம் வெளுத்திருந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டார், யாராவது ஊசியைத் திணித்துவிடுவார்கள் என்று பயந்தவர்போல. அதைப் பார்த்தும் எனக்குக் கோபம்தான் வந்தது. மகாராஜபுரத்து அக்காவைக் கூப்பிட்டேன். அவளுக்கும் மனசில்லை. ஆனால் எனக்குக் கீழே வேலை பார்ப்பவள், மறுக்க முடியவில்லை. உடுத்தியிருப்பவர் வாயில் நூலைக் கவ்வக் கொடுத்துவிட்டுத் தைக்கும் வழக்கப்படி, ஒரு நூல் துண்டை அறுத்து, பொம்மைக்கு வாய் இருக்க வேண்டிய இடத்தில் ஒட்டினாற்போல வைத்தாள். "துணியைத்தான் தைக்கேன், ஒன்னைய இல்ல" என்று முணுமுணுத்துக்கொண்டே நாலு தையலைப் போட்டு முடித்தாள். நான் பார்த்தேன், சரியாக இருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

இருக்கை கோபுரத்தின் உச்சிக்குப் போனது. கிரீம் கலர் சட்டையின் கை காற்றில் படபடத்தது. சங்கு ஊதி, பத்திலிருந்து எண்ணினார்கள். மாஸ்டர் மணல் குழியை ஒட்டிய கயிற்றருகில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். கொக்கி விட்டதும் அது இறங்கிய நேரம் ஒரு மூச்சுகூட இருக்காது. சத்தம் ஒன்றுதான் கேட்டது என்று எல்லோரும் பிறகு சொன்னார்கள். எனக்கு இரண்டு கேட்டது. முதலில் பெல்ட் அறுந்த சத்தம், பிறகு மணல். இடது தோள் விடுபட்டு, அது அந்தப் பக்கமாகவே சுழன்று வெளியே வந்து, குப்புற விழுந்து கிடந்தது.

தையல் பிரிவுப் பெண்கள் அலறினார்கள். பொம்மை என்று தெரிந்தே அலறினார்கள். மாஸ்டர் ஓடவில்லை. கயிற்றைத் தாண்டி மெதுவாக நடந்துபோய் மண்டியிட்டு, அதைப் புரட்டி மல்லாக்கப் போட்டு, ஒன்றுமில்லாத அந்த முகத்திலிருந்து மணலைத் தட்டிவிட்டார். சட்டைக் காலரைச் சரிசெய்தார். தோளில் சட்டை கிழிந்திருந்த இடத்தை இரண்டு விரலால் சேர்த்துப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். அதிகாரிகளுக்கு வருத்தமில்லை. இங்கே அறுந்ததே நல்லது, இதற்குத்தானே சோதனை என்று சொல்லி, படம் எடுத்துக்கொண்டு மூன்று மணிக்குக் கிளம்பிப் போனார்கள்.

பெல்ட்டைக் கழற்றி மேசையில் விரித்தபோது எனக்குக் காரணம் தெரிந்தது. பக்கிளின் ஒரு ஓரத்தில் பிசிறு இருந்திருக்கிறது. இறுக்கிப் பூட்டியபோது அது பெல்ட்டின் உட்பக்கத்தைப் பாதிக்கு மேல் அறுத்திருந்தது. வெளியே விட்டிருந்த நாலைந்து தையல் அதன் அடையாளம்தான். கழற்றிப் பார்த்திருந்தால் குருடனுக்கும் தெரிந்திருக்கும். அந்தப் பக்கிளைச் சரிபார்த்த தாளில் இருந்த கையெழுத்தும் என்னுடையது. பதறாத காரியம் சிதறாது என்று வீட்டில் ஆயிரம் தடவை கேட்டு வளர்ந்தவள்தான் நான்.

மறுநாள் மத்தியானம் மாஸ்டர் மணல் குழி ஓரத்தில் டீ கிளாசோடு உட்கார்ந்திருந்தார். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். எனக்கு அது சரியாக வராது. "கழட்டியிருக்கணும் மாஸ்டர்" என்று மட்டும் சொன்னேன். அவர் டீயைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"எந்தம்பி பெயிண்ட் வேலைக்குப் போவான் மேடம். மில்லுத் தண்ணித் தொட்டி, பொகைக் கூண்டு, எம்புட்டு உசரம்னாலும் ஏறிருவான். அன்னைக்குக் காலையில இடுப்புல பெல்ட்டோட கடைக்கு வந்தான். தையல் விட்டிருக்குண்ணே, இப்படியே ஒண்ணு போட்டுவிடுன்னான். கழட்டுலேன்னேன். வண்டி நிக்குதுண்ணே, நேரமாச்சுன்னான். குனிஞ்சு போட்டுவிட்டேன். உள்பக்கம் நைஞ்சு கெடந்திருக்கு. நான் பாக்கல. உடம்பு மறைச்சிருச்சு."

காற்று அப்போதும் கம்பிகளில் ஊதிக்கொண்டிருந்தது. அவர் தொடர்ந்தார். "கல்யாணத்துக்குச் சட்டை பேண்ட்டு தைக்க அளவெடுத்து வச்சிருந்தேன். தைச்சும் முடிச்சிட்டேன். அவன் போடல."

ஒரு மாதமாக ஷெட்டில் எங்களோடு உட்கார்ந்திருந்தது யார் என்று அப்போதுதான் விளங்கியது. நாற்காலியிலிருந்து எழுந்திருக்க முடியாமல் யாரோ பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்த அந்தச் சாய்ந்த தோள். அதே மாதிரி ஒரு நாலு தையலை, அதே அவசரத்தில், அதே உடம்பின்மேல் போடச் சொன்னவள் நான்.

"ஏன் மாஸ்டர் அந்த அளவுல வெட்டுனீங்க?"

"ஒரு தடவையாவது அவன் ஒழுங்கா இறங்குறதப் பாத்துறணும் மேடம்." டீ கிளாசைக் கையில் எடுத்துக்கொண்டு, "எங்கம்மாவுக்கு இந்தப் பொம்மை விசயம் ஒண்ணும் தெரியாது" என்றார்.

அறிக்கையில் 'பெல்ட் அறுந்தது' என்று எழுதினால் போதும் என்றார் மேனேஜர். நான் நடந்தது அத்தனையும் எழுதினேன்: பிசிறை நான் கவனிக்காமல் விட்டது, கட்டிங் மாஸ்டர் கழற்றச் சொன்னது, நான் மறுத்தது. சரிபார்க்கும் வேலையிலிருந்து என்னைச் சில மாதம் விலக்கி வைத்தார்கள். அவமானமாகத்தான் இருந்தது, ஆனால் அன்று ராத்திரி தூக்கம் வந்தது. பக்கிள்கள் அத்தனையும் ஓரத்தை உருட்டி மழுக்கிப் புதிதாக வந்தன. வேலை விதிகளில் ஒரு வரியும் சேர்ந்தது: 'உடம்பில் பொருத்திய நிலையில் எந்தப் பழுதும் பார்க்கக் கூடாது.' அதிகாரிகள் படித்துப் பார்த்து நல்ல விதி என்றார்கள். தரித்திரம் என்று நான் கேலி செய்த அதே பேச்சு, டைப் அடித்து முத்திரை வைத்ததும் விதியாகிவிட்டது.

கிழிந்த பொம்மையை மறுபடி பயன்படுத்த முடியாது. மாஸ்டர் புதிதாக வெட்டினார். நான் பக்கத்தில் போய் நின்று, அதே அளவா என்று கேட்டேன்.

"அதே அளவுதான் மேடம். இறங்குற வரைக்கும் அதே அளவுதான்."

அவர் கத்தரியை நிறுத்தாமல்தான் சொன்னார். இது மறுபடியும் விழுந்தால் என்ன செய்வார்? மூன்றாவது வெட்டுவாரா? நாலாவது? ஷெட் நிறைய ஒரே ஆள் தோளைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நான் இரண்டு மூன்று தடவை கனவில் பார்த்தேன். அந்தச் சோதனை நன்றாக முடிய வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன், பெல்ட்டுக்காக அல்ல.

இரண்டாவது சோதனையன்று காற்று இல்லை. கொக்கி விட்டது, இருக்கை மணலில் இறங்கியது, ஒரு சத்தம்தான் கேட்டது. அது இருக்கையிலேயே இருந்தது, தலை ஒருமுறை முன்னால் போய்த் திரும்பி வந்து நின்றது. மாஸ்டர் போய் ஒவ்வொரு பெல்ட்டாகக் கழற்றி, உட்பக்கத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். பிறகு அதன் இடது தோளில் கை வைத்து, "எந்திரி, போவோம்" என்றார். பக்கத்தில் நின்றதால் எனக்குக் கேட்டது. ஒரு கணம் நானும் அது எழுந்திருக்கும் என்று காத்திருந்தேன். அது எழுந்திருக்கவில்லை. அவர் அழுதார், நானும் அழுதேன். வெற்றிச் சந்தோஷம் என்று நினைத்து மேனேஜர் கை தட்டினார்.

அந்தப் பொம்மை பெரிய இடத்துக்குப் பிடித்துவிட்டது, அனுப்பச் சொல்லிக் கேட்டார்கள். நீளமாக ஒரு மரப்பெட்டி செய்திருந்தார்கள். மாஸ்டர் குறுக்கே நின்றுகொண்டு, "படுக்க வச்சு ஆணி அடிக்காதீங்க" என்றார். உட்கார்ந்தபடியே போக வேறு பெட்டி செய்தோம். லாரி வாசலைத் தாண்டியதும் சட்டைப் பையிலிருந்து இந்தச் சீட்டை எடுத்து என்னிடம் நீட்டினார். "எனக்கு இனி வேண்டாம் மேடம். அவன் இறங்கிட்டான்." ஒரு மாதத்தில் வேலையை விட்டுவிட்டு மறுபடி தையல்கடைக்கே போய்விட்டார்.

அண்மையில் ஒரு நாள் காலை, ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டில், அம்மாவோடு டிவி பார்த்துக்கொண்டிருந்தேன். ஆளில்லாத கூட்டை மேலே அனுப்பிப் பிய்த்துக்கொண்டு வரவைத்த சோதனை. மூன்று பாராசூட்டும் விரிந்து, கூடு கடலில் சாதுவாக இறங்கியது. செய்தி வாசித்த பெண், உள்ளே ஆட்கள் யாரும் இல்லை என்று இரண்டு தடவை சொன்னாள். பிறகு கதவைத் திறந்து உள்ளே எடுத்த படத்தைக் காட்டினார்கள். இருக்கைகளில் தலைக்கவசம் மாட்டிய பொம்மைகள். எங்களுடையது எந்தச் சோதனைக்குப் போனது என்று எங்களுக்கு யாரும் சொன்னதில்லை. படம் நாலு நொடி நின்றிருந்தால் அதிகம். அத்தனை பெல்ட்டும் இழுத்துப் பூட்டியிருந்தும், கதவோரத்தில் இருந்ததற்கு இடது தோள் கொஞ்சம் இறங்கியிருந்தது. நான் பார்க்க நினைத்ததைப் பார்த்தேனோ என்னவோ.

போன் அடித்தது. மாஸ்டர்தான். எத்தனையோ நாள் கழித்துப் பேசுகிறோம், ஆனால் இருவரும் நலம் விசாரிக்கவில்லை. அவர் வீட்டிலும் அதே செய்தி ஓடும் சத்தம் கேட்டது.

"மேடம், உள்ள யாரும் இல்லைங்காங்க."

"நானும் கேட்டேன் மாஸ்டர்."

"எங்கம்மா பாத்துக்கிட்டு இருந்தாவ. நான் அவியகிட்ட ஒண்ணுமே சொன்னதில்ல. படத்தைப் பாத்ததும் எந்திரிச்சு டிவி பக்கத்துல போயிட்டாவ. ஏலே, கதவோரத்துல இருக்கது யாருன்னு கேக்காவ." அவர் குரல் தழைந்தது. "இன்னும் அங்கனயேதான் நிக்காவ. நான் என்ன சொல்லட்டும்?"

இழுப்பறையைத் திறந்து பேனாக்களை ஒதுக்கிச் சீட்டை எடுத்தேன். பென்சில் எழுத்து மங்கியிருந்தது, கடைசி வரி மட்டும் நன்றாகத் தெரிந்தது.

"நல்லபடியா இறங்கிட்டாருன்னு சொல்லுங்க மாஸ்டர்" என்றேன்.